முதல் மடக்கு

"இங்க குடுப்பா, நான் பாத்துக்கறேன்!"

மனைவிக்கு ஊற்றிய ஒயின் கோப்பையைக் கணவர் எட்டிப் பறித்துக்கொண்டார். மூக்கனுக்குச் சுருக்கென்றது.

அந்த உணவு விடுதியில் ஒயின் பரிமாறுவது அவன் வேலை. எந்த பாட்டிலையும் மோந்து பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவான் என்பதால் சமையற்கட்டில் வைத்த பெயர் மூக்கன்.

ஒயினைக் கேட்டது யாரோ அவருக்குத்தான் முதல் மடக்கு. அவர் ருசித்துத் தலையாட்டிய பிறகே மற்றவர்களுக்கு. அதுதான் தொழில் மரியாதை. இங்கே கேட்டது அந்த அம்மாள். பட்டியலைக்கூடப் புரட்டாமல், வாயில் நுழையாத அந்த பிரெஞ்சு சிவப்பு ஒயினின் பெயரை அட்சர சுத்தமாகச் சொல்லியிருந்தார்.

"சார், மேடம்தானே ஆர்டர் பண்ணாங்க..."

"அதனால என்ன?" என்றவர், கண்ணை மூடி உறிஞ்சினார். "ம்ம்... உங்கக்கா வீட்டு மர பீரோவைத் திறந்தா ஒரு வாசனை வருமே, அது! அப்புறம் கருப்புத் திராட்சை ஜாம். நாம பஸ்ஸை விட்டுட்டு நின்னோமே, அன்னிக்கு மழை பெஞ்ச தரை. அதுவும் இருக்கு!"

பீரோவாமே பீரோ! திராட்சை, பதனிட்ட தோல், சீவிய பென்சில் என்று அழகாகச் சொல்ல வேண்டிய ஒயின். மூக்கன் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினான்.

அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கிக் கேட்டார். "மிளகு தெரியுதா?"

"இல்லையே... இரு, இரு. ஆமா! கடைசியில லேசா."

அவங்க நாக்குக்கு இவர் சம்மதம் வேற வேணுமா? மூக்கனுக்குப் பொறுக்கவில்லை.

ஆட்டுக்கறி ரோஸ்ட் வந்தது. கணவர் மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை.

"முதல்ல கறி. இப்ப குடி. கொழுப்பு நாக்குல வழவழன்னு நிக்கும்போது இந்தத் துவர்ப்பு வந்து அப்படியே வழிச்சு விட்டுடுது. காளானோட இன்னும் ஜோர்! சாலட்டைத் தொடாதே, எலுமிச்சை ஜாஸ்தி. அதுக்கு மேல குடிச்சா ஒயின் சப்புன்னு ஆயிடுது."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூக்கன் சமையற்கட்டுக்குள் போய்ப் பொருமினான். "ஒரு வாய் நிம்மதியா குடிக்க விடாம அந்தம்மா காதைத் தின்னுட்டிருக்காருப்பா அந்த மனுஷன்!"

"உனக்கேன் வயித்தெரிச்சல்?" என்றார் சமையல்காரர்.

"முதல் மடக்கு அவங்களோடது. அதை அவங்களுக்குக் குடுக்காம விடமாட்டேன்."

சாப்பாட்டுக்கு நடுவே கணவர் கை கழுவ எழுந்ததுதான் தாமதம். மூக்கன் புதுக் கோப்பையோடு ஓடினான். கொஞ்சமாக ஊற்றி, பயபக்தியோடு அம்மாள் முன்னால் வைத்தான்.

"அம்மா, முறைப்படி இது உங்களுக்குச் சேர வேண்டியது. சார் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க. இது எப்படியிருக்கு, நீங்க சொல்லுங்க."

அம்மாள் கோப்பையைச் சுழற்றினார். சிந்தாமல் சிதறாமல் அவர் சுழற்றிய அழகைப் பார்த்து மூக்கன் அசந்துபோனான். மோந்தார். குடித்தார்.

"தண்ணி மாதிரி இருக்கு தம்பி."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டிலை அவசரமாக மோந்து பார்த்தான். "நல்லாத்தானேம்மா இருக்கு!"

"நல்லாத்தான் இருக்கும். நானும் உன்னை மாதிரி ஒயின் ஊத்தற வேலைதான் பார்த்தேன். போன வருஷம் ஒரு ஜுரம். வாசனை, ருசி எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிடுச்சு."

மூக்கனின் கை தானாகவே தன் மூக்குக்குப் போனது.

அம்மாளோ கை கழுவும் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அதுவரைக்கும் ஒயினைக் கையாலகூடத் தொடாத மனுஷன் தம்பி. எனக்காக உக்காந்து கத்துக்கிட்டார். அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ருசியே வருது. சீக்கிரம் வரச் சொல்லேன், கறி ஆறுது!"