இந்தக் கால் போதும்

கபடி ஆடும்போது என் மகள் பிரின்சிக்கு முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மாவட்ட அணியில் எடுத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி மெஷின் அவள் காலைப் பார்த்து, அடுத்த நாற்பது வருஷத்தில் அவளுக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்த்து, ஒரு தாளைக் கொடுத்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். “ஆபரேஷன் தேவையில்லை. பிற்காலத்தில் வலி வராது. பலன் மிக நன்று.”

“ஏட்டி, நல்லதுதான் போட்டிருக்கு!” என்றேன்.

“அப்ப எப்பம் ஆடலாம், சார்?” என்று பிரின்சி டாக்டரிடம் கேட்டாள்.

“ஆட்டமெல்லாம் முடியாதும்மா. பதினேழு வயசுல நீ இறால் உரிக்கப் போயிருவேன்னு மெஷின் சொல்லுது. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு இந்தக் கால் போதும்.”

“காலைச் சரி பண்ணுங்க சார், நான் அங்க போகவே மாட்டேன்.”

“போகப்போறவளுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்?”

நான் கும்பிட்டுப் பார்த்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்போது பிரின்சிக்குப் பதினெட்டு வயது. காலை ஆறு மணிக்கு இறால் கம்பெனி வண்டியில் ஏறுகிறாள். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டார்கள்:

“வலி இருக்காம்மா?”

“இல்ல சார்.”

மெஷின் சொன்னது பலித்துவிட்டது என்று அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள்.