ரஸ்ட் கதீட்ரலின் புது ஆல்பம்

முதல் பாட்டு முடிந்தபோது லியனார்டின் முகம் இழவு வீட்டுக்கு வந்தவன் முகமாக இருந்தது.

"பழசு எங்கே, இது எங்கே! கிழவனுங்களாயிட்டானுங்க லா," என்றான்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் முழுக்க அந்தப் புது ஆல்பத்துக்காகக் காத்திருந்தவன் அவன். இப்போது கேசட் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏமாந்த மாப்பிள்ளைபோல நின்றான்.

டிரம்ஸுக்குப் பின்னால் பெர்னடெட் உட்கார்ந்திருந்தாள். ரஸ்ட் கதீட்ரல் என்ற வெள்ளைக்கார ராக் குழுவின் பழைய ஆல்பம் என்றால் புயல். உலகத்தில் அதைவிட வேகமாக வாசிக்க ஆளில்லை என்று மூன்று வருஷமாகச் சத்தியம் செய்துவந்தார்கள். புதுசோ, வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திண்டில் சாய்ந்தவன்போல ஆடி அசைந்து வந்தது. பாடகனின் குரல்கூடக் கனத்துப்போயிருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அதற்குப் புதுசு மட்டும் காரணமில்லை.

பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு வரை வாசிக்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. கேசட் உறையில் 'கதீட்ரல்', அதாவது பேராலயம், என்ற சொல்லைப் பார்த்த ஃபாதர், பக்தியுள்ள பிள்ளைகள் என்று நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தார். பாவம்.

சனிக்கிழமை கிள்ளானில் முதல் கச்சேரி.

லியனார்ட் அவளுக்குப் பெரியப்பா மகன். கிட்டாரும் அவன்தான், சட்டமும் அவன்தான். பழைய ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேசட்டில் ஓடவிட வேண்டும். அதோடு சேர்ந்து அடித்து, அதோடு சேர்ந்து முடிக்க வேண்டும். முடித்தவர்களுக்குத்தான் மேடை.

மூன்று வருஷமாகியும் அவள் முடித்தபாடில்லை.

முதல் இரண்டு நிமிடம் பொறி பறக்கும். நாலாவது நிமிடத்தில் கை கல்லாகிவிடும். கேசட் முடிந்து அரை மூச்சு கழித்துத்தான் அவள் போய்ச் சேருவாள். ரயில்வே ஆபீசில் டைப் அடிக்கிற நேரம் போக, மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையைத் தட்டித் தட்டி அம்மாவிடம் அவள் வாங்காத திட்டு இல்லை.

அதனால்தான் இன்று கிள்ளானிலிருந்து வாசு வந்திருந்தான். பத்தொன்பது வயது. அவன் முடித்துவிட்டால் சனிக்கிழமை டிரம்ஸ் அவனுக்கு.

வாசு பழைய ஆல்பத்தின் சொந்தக் கேசட்டோடு வந்திருந்தான். சிங்கப்பூரில் வாங்கிய ஒரிஜினல். அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அலட்டிக்கொள்ளாமல் அடித்தான். பாட்டும் அவனும் ஒன்றாக முடித்தார்கள்.

பெர்னடெட் குச்சிகளை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

லியனார்ட் கைதட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேசட் பிளேயரின் வயரை அசைத்துப் பார்த்தான். பிறகு தங்களுடைய பழைய கேசட்டில் அதே பாட்டைப் போட்டான். காஜாங் ரபேல் அண்ணன் இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து கொடுத்தது.

புயல்.

வாசுவினுடையதைப் போட்டான்.

திண்டு.

மறுபடியும் புயல். மறுபடியும் திண்டு.

லியனார்ட் ஃபாதரின் ஆபீஸ் தொலைபேசிக்கு ஓடினான். பெர்னடெட் பின்னாலேயே ஓடினாள்.

ரபேல் அண்ணன் கல்யாண விருந்துகளில் பாட்டுப் போடுகிறவர். அவருடைய இசைத்தட்டு இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு.

"அம்பது நிமிஷ ஆல்பம்டா அது. என்கிட்ட இருந்தது நாப்பத்தாறு நிமிஷக் கேசட். எந்தப் பாட்ட வெட்டச் சொல்ற? மனசு வரல. கொஞ்சம் வேகமா ஓடவிட்டேன். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னுல நினைச்சேன்!"

லியனார்ட் ரிசீவரை வைக்க மறந்து நின்றான். அந்தக் கேசட்டில் வேகத்தோடு ஏறிப்போன சுருதிக்கு முறுக்கி முறுக்கி வாரத்துக்கு ஒரு தந்தி அறுத்தவன் அவன். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பெர்னடெட்டுக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த வெள்ளைக்காரன் ஒருநாளும் அந்த வேகத்தில் அடித்ததே இல்லை. அந்தப் பாட்டை அந்த வேகத்தில் யாருமே அடித்ததில்லை. மூன்று வருஷமாக அவள் துரத்திக்கொண்டிருந்தது ஒரு திருகை.

"ஐயோ சேசுவே," என்றாள். அப்புறம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மண்டபத்துக்குள் ஓடி, விஷயமே தெரியாமல் விழித்த வாசுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

விவரம் கேட்ட வாசு, வீம்புக்கு ரபேல் அண்ணனின் கேசட்டைப் போட்டு அடித்துப் பார்த்தான். இரண்டாவது நிமிடத்தில் குச்சி கையைவிட்டுப் பறந்தது.

"அக்கா, இது மனுஷன் அடிக்கிறதா?" என்று கேட்டு, தானாகவே எழுந்து இடம் விட்டான்.

லியனார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சரி லா, சனிக்கிழமை நீதான். இனிமே ஒரிஜினல் வேகத்துலயே வாசிப்போம். உனக்கும் சுலபம்."

"சுலபம் யாருக்குண்ணே வேணும்? புதுசோட மொதப் பாட்டு இருக்குல்ல, அத எடு. பாட்டுல ஒரு குறையும் இல்ல. அவங்களுக்குத்தான் வேகம் பத்தல."

லியனார்ட் கிட்டாரைத் தோளில் மாட்டுவதற்குள் அவள் பாதிப் பாட்டைத் தாண்டியிருந்தாள்.