துரியன் மரம் சம்மதித்த கதை

மரத்தின் சம்மதமின்றி அதன் கிளையை வெட்டலாகாது என்று சட்டம் வந்தபின், குற்றாலத்துப் பழத்தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் மாடத்தியின் வேலை கடினமாயிற்று. செம்பழத் துரியன் வகையில் உலகில் மிஞ்சியிருந்தது ஒரே மரம். வேரழுகல் கண்ட அது அடுத்த மழைக்குத் தாங்காது. ஒட்டுக்கு ஒரு கொம்பு கேட்டு அதிகாரி ரூபன் நாள்தோறும் தண்டில் சம்மதம் அறியும் கருவியை வைத்தார். மறுப்பைச் சொல்லும் சிவப்பு விளக்கே எரிந்தது.

“உங்க மரம் பெரிய பிடிவாதக்காரிக்கா!”

“நீங்க கேக்குற லட்சணம் அப்படி, சார்” என்றாள் மாடத்தி.

அவள் தாழ்ந்த கிளையருகே பரண் கட்டி, தொட்டியில் வளர்ந்த சாதாரணத் துரியன் கன்றொன்றை அதன்மேல் வைத்தாள். சிறு கீறலுக்கு மட்டும் அனுமதி கேட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. கிளையிலும் கன்றிலும் பட்டையைச் சீவி, இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.

மூன்று மாதத்தில் இரு காயங்களும் ஒன்றாய்க் கூடின. கன்றின் வேர் குடித்த நீர் கிளைக்கும் ஏறியது. அப்போதுதான் மாடத்தி கிளையை வெட்டிக்கொள்ளக் கேட்டாள். உடனே பச்சை எரிந்தது.

“எனக்கு மட்டும் ஏன்க்கா மறுத்துச்சு?”

“கொம்பு எங்க போய்ப் பிழைக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே, சார். நான் வேரைக் கொண்டாந்து காட்டிட்டுல்லா கேட்டேன்.”

அவள் கத்தியைத் தீட்டினாள். தொட்டியைத் தாங்கிக்கொள்ள ரூபன் இரு கைகளையும் நீட்டினார்.