பொய்க்கதவு

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு புதிர் விளையாட்டை உருவாக்கினார்கள். அறைகளை வரைவது அக்கா. கணினியில் அவற்றை இயங்கச் செய்வது தம்பி. அளவு பார்ப்பதற்காக ஒவ்வோர் அறையிலும் முகமற்ற சாம்பல்நிறப் பொம்மை ஒன்றை நிறுத்துவதும், பணி முடிந்ததும் அதை அழிப்பதும் அவர்கள் வழக்கம்.

மாலைக்குள் விளையாட்டை ஒப்படைக்க வேண்டும். பொம்மை ஒன்று மிஞ்சினாலும் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தனை உழைப்பும் பாழாகும்.

"அக்கா, கடைசி ரூம்ல மறுபடியும் நிக்கிறான்."

"நீ அழிச்சிருக்க மாட்ட, தூங்குமூஞ்சி."

"சத்தியமா அழிச்சேன். இப்ப கதவைப் பாத்துத் திரும்பி வேற நிக்கிறான்."

அக்கா உற்று நோக்கினாள். ஆடுபவரை ஏய்க்க அவளே வரைந்த பொய்க்கதவு அது. எந்தச் சாவிக்கும் திறவாத கதவு புதிராகுமா? ஆகாது, அது சிறை! அச்சிறையை எழுப்பிய கை எவருடையது? அவளுடையதே.

"அதுக்கு ஒரு கைப்பிடி வைடா. திறக்கட்டும்."

"அந்தப் பக்கம் நாம ஒண்ணுமே கட்டலையேக்கா!"

"அவன் கேக்குறது கதவு. ஊரையா கேட்டான்? வை, பாப்போம்."

தம்பி கைப்பிடியைப் பொருத்தி, விளையாட்டை மீண்டும் இயக்கினான். அறை வெறுமையாக இருந்தது. இனி ஒப்படைக்கத் தடையில்லை. ஆயினும் இருவரும் திரையை விட்டு அகலவில்லை.

கதவு திறந்து கிடந்தது. அதற்கு அப்பால், அவர்கள் எதையும் படைக்காத இருளில், தொலைவில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. சாம்பல்நிற உருவம் அதை நோக்கி நடந்து சென்றது.

அந்த வீட்டின் உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள்.