கதவுப்பிடியிடம் கையுறை சொன்னது

கிருமிகளை வளர்த்துச் சோதிக்கும் கூடத்தில் ஒரு கையுறைக்குத் தலைகால் தெரியாத பெருமை. காலையிலிருந்து எத்தனையோ கிருமித் தட்டுகளைத் தொட்டும், உள்ளேயிருந்த கோதையின் விரல்களில் துளி அழுக்கு ஒட்டவில்லை.

போன் பேச வெளியே போன கோதை, கையுறையைக் கழற்றாமலே திரும்பிவந்து கதவைப் பிடித்தாள். கையுறை முகம் சுளித்தது.

"சீ! ஊர்ப்பட்ட கை பட்ட பிடி நீ. என்மேல் ஒட்டாதே."

"இப்போதுதான் என்னை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் என்னைத் தொட்டது நீ மட்டும்தான்" என்றது கதவுப்பிடி.

கையுறை தன் விரல்நுனிகளைப் பார்த்துக்கொண்டது. கோதை உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஒரு குரல் கேட்டது. "கோதை, கை கழுவிட்டேன். சாப்பிட வர்றியா?"

"தொடாதே!" என்று கத்தியது கையுறை.

பிடி திரும்பியது.