ஒரே வெட்டு

உருவிவிடாதீர்கள் என்று ஆம்புலன்ஸ் நர்ஸ் மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

ஞானமுத்து உருவவில்லை. மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரேக் பிடி ஹேண்டில்பாரை விட்டுப் பிய்த்துக்கொண்டு போஸ்ட்டம்மாவின் தொடைக்குள் போயிருந்தது. விரல் நீளம் இருக்கும். சேலையில் ரத்தம் மெதுவாகக் கசிந்தது. மெதுவாகக் கசிவது நல்லது என்றாள் நர்ஸ். பிடியை உருவினால் நிற்காமல் கொட்டும். ஆஸ்பத்திரி போகும்வரை அது இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், அசையாமல்.

ஆனால் பிடியோடு பிரேக் ஒயர் இருந்தது. ஒயரோடு சைக்கிள் இருந்தது.

முன்சக்கரம் மடங்கி, பாலச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே செருகிக் கிடந்தது. ஒயரின் மறுமுனை அதற்குள். ஸ்பேனர் போக வழியில்லை. சைக்கிளைத் தொட்டாலே ஒயர் விண்ணென்று இழுத்தது. இழுக்கும்போதெல்லாம் போஸ்ட்டம்மா பல்லைக் கடித்தாள்.

குருவம்மாள் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். இருபத்திரண்டு வருஷமாக ஆறு ஊருக்கும் அவள் போஸ்ட்டம்மா. காலை பத்தரைக்குப் பாலத்துச் சரிவில் இறங்கியிருக்கிறாள். எதிரே லாரி. பிரேக்கை அழுத்தியிருக்கிறாள்.

பிடிக்கவில்லை. பாலச் சுவரில் போய் மோதிவிட்டாள்.

தீயணைப்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதனால்தான் போலீஸ்காரர் பைக்கில் போய், சைக்கிள் கடை ஞானமுத்துவைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஞானமுத்து பெட்டியைத் திறந்தான்.

ஆக்ஸா பிளேடு மேலேயே கிடந்தது. அறுக்கும். ஆனால் ஒவ்வொரு இழுப்பும் தொடைக்குள் போய்ச் சேரும்.

வைத்துவிட்டான்.

அடுத்தது கட்டிங் பிளேயர். தினமும் புழங்குவது. யோசிக்கும் முன்பே கை அதை எடுத்திருந்தது. அது ஒயரை வெட்டாது, மெல்லும். நாலு கடி, ஐந்து கடி ஆகும். மேலே இருக்கும் உறையை நசுக்கும்.

நசுக்கும் என்று நினைத்தபோதுதான் அதைப் பார்த்தான்.

ஒயர் பிடிக்குள் நுழைகிற இடத்தில் உறையின் வாய் சப்பையாக இருந்தது. ஒயர் உள்ளே இறுகி நின்றது. ஓடுவதற்கு இடமே இல்லை.

செவ்வாய்க்கிழமை.

போஸ்ட்டம்மா தபால் பையோடு அவன் கடைவாசலில் நின்றாள். நேரமாகிறது என்றாள். புது ஒயர் போட்டான். உறையை இதே பிளேயரால்தான் வெட்டினான். வெட்டிய பிறகு நசுங்கிய வாயை ஊசி விட்டு விரிக்க வேண்டும். விரிக்கவில்லை. இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். ஒயர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஓடியது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்தான். போய்ட்டு வாங்கக்கா என்றான்.

மூன்று நாள் ஓடியிருக்கிறது.

"ஏ ஞானமுத்து." போஸ்ட்டம்மாவின் உதடு வெளுத்திருந்தது. "அவசரப்படாத. நிதானமாச் செய்யி."

அவன் பிளேயரைக் கீழே வைத்தான்.

பெட்டியின் அடியில், பனியன் துணியில் சுற்றி, ஒரு கட்டர் இருந்தது. ஒயர் வெட்டுவதற்கென்றே செய்தது. கோவில்பட்டியில் வாங்கியது. டாக்டர் வீட்டுக் கியர் சைக்கிள் வந்தால் மட்டும் வெளியே வரும். சாதா சைக்கிளுக்கெல்லாம் எடுத்தால் வாய் மழுங்கிப் போகும் என்று பத்திரமாக வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமையும் அது அங்கேதான் இருந்தது.

துணியைப் பிரித்தான்.

பிடியை இரண்டு கையாலும் தாங்கிக்கொள்ள நர்ஸிடம் சொன்னான். போலீஸ்காரரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொன்னான். ஒயர் விறைத்து நின்றது. வெட்டினால் துள்ளும். தொடைப் பக்கத்து ஒயரை இடது கையால் இறுகப் பற்றினான். ரத்தத்தில் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பற்றினான்.

கட்டரை உறைக்கு நேர் குறுக்கே வைத்தான்.

போஸ்ட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அழுத்தினான்.

டிக்.

சைக்கிள் போலீஸ்காரர் பக்கம் சாய்ந்தது. பிடி அசையவில்லை.

அதன் பிறகுதான் நர்ஸ் மூச்சு விட்டாள். கூட்டத்தில் யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். நல்ல கைக்காரன் என்று இன்னொருவர் சொன்னது காதில் விழுந்தது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது போலீஸ்காரர் நோட்டை எடுத்தார். லாரி டிரைவர் சற்றுத் தள்ளிக் கைகட்டி நின்றான். முகத்தில் உயிரில்லை. போஸ்ட்டம்மா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"அந்தத் தம்பி மேல குத்தமில்ல சார். நாந்தான் சரிவுல வேகமா வந்துட்டேன். அப்படியே எழுதிக்கோங்க."

ஞானமுத்துவை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லையா, வேண்டாமென்று விட்டாளா, அவனுக்குத் தெரியவில்லை.

கதவு மூடியது. ஆம்புலன்ஸ் கிளம்பியது. தொடையில் நின்ற பிடியோடு, அந்த நசுங்கிய வாயும் போயிற்று. இனி அது ஆஸ்பத்திரிக் குப்பையில் விழும். யாரும் அதை எடுத்துப் பார்க்கப்போவதில்லை.

கூட்டம் கலைந்தது. போலீஸ்காரர் பாலச் சுவரில் நோட்டை வைத்து எழுதத் தொடங்கினார்.

ஞானமுத்து சாமான்களைப் பெட்டியில் அடுக்கினான். மூடினான். தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நாலு எட்டு நடந்தான்.

நின்றான்.

திரும்பி வந்தான்.

"என்ன?" என்றார் போலீஸ்காரர், நிமிராமலே.

"கொஞ்சம் நிறுத்துங்க சார்."