ஆறாவது வாஷர்

கப்பல் ஏன் தாழ்கிறது என்று பசை அக்காவுக்குப் பிடிபடவில்லை. எறும்பளவு சுருங்கிய ஆறு விண்வெளி வீரர்களைப் பற்றிய டிவி நகைச்சுவைத் தொடருக்கு அவர் பசையால் ஒட்டிச் செய்த மாதிரிக் கப்பல் அது. கப்பியில் ஓடும் நூலின் ஒரு முனையில் கப்பல், மறுமுனையில் அதே எடைக்கு வாஷர்கள் என்னும் இரும்பு வளையங்கள். இரண்டும் சமமானால்தான் மிதக்கும். படப்பிடிப்பில் தாழும். சாப்பாட்டு இடைவேளையில் சரியாகிவிடும்.

"உங்க கப்பலும் சாப்பிடப் போகுதாக்கா?" என்றார் இயக்குநர். "இன்னைக்கும் ஷாட் வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

அக்கா ஆறு வாஷர்களைக் கூடுதலாகக் கோத்தார். கப்பல் அசையாமல் நின்றது. இடைவேளைக்குப் பின் ஐந்தே போதுமாயிருந்தது. கப்பலின் குட்டிக் கதவைச் சாத்தினார். கீழே மேசையில் யாரோ மெல்லத் தட்டினார்கள்.

கதவைத் திறந்து, ஏணிபோல் ஒரு தீக்குச்சியைச் சாய்த்து வைத்தார். கப்பல் மயிரிழை தாழ்ந்தது. ஆறாவது வாஷரையும் கோத்தார். ஷாட் ஒரே தடவையில் முடிந்தது.

அதிலிருந்து, ஆறாவது வாஷரைக் கோத்த பிறகுதான் அவர் கதவைச் சாத்துகிறார்.